கடை போர்ட்டில் ஐந்து நிமிடம் கிடைத்தால் என்ன காட்டுவீர்கள்?

வேலிக்கதியால்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த புடவைக்கடைக்காரர் ஒருவர் யாழ் டவுனுக்குள் ஒரு எல்ஈடி போர்ட் வைத்திருக்கிறார். மாடிக்கு மேலே, அகலம் 3.2 மீட்டர், உயரம் 1.92 மீட்டர். போன மாதம் அதை ஓட்டுகிற கொம்பியூட்டர் பழுதாகி, மூன்று நாள் அதில் வெறும் நீலம் மட்டும் எரிந்தது. படம் இல்லை, எழுத்து இல்லை, விலைக்கழிவு இல்லை. கடைக்காரர் கடும் கோபத்தில். நானோ மூன்று நாளும் பொழுதுபட்டதும் அங்கே போய் நின்றேன்.

அந்த போர்ட் வந்து இரண்டு வருடம். இவ்வளவு நாளும் அதில் ஓடுகிற சேலைதான் தெரிந்ததே தவிர, அது வீதிக்கு என்ன செய்கிறது என்று கவனித்ததே இல்லை. நீலம் எரிந்தபோது பார்க்க ஒன்றும் இல்லை, கண் தன்பாட்டில் கீழே இறங்கியது. எதிர்ப்பக்கம் பூட்டிய கடைகளின் ஷட்டர் வரிசை முழுக்க நீலம், ஓட்டோக் கூரைகள் நீலம், மழை பெய்து தேங்கிய தண்ணீரும் நீலம். கீழே கச்சான் விற்கிற ஆச்சி ஒருவர் இருக்கிறார். கச்சானைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "பூஞ்சணம் பிடிச்ச மாதிரிக் கிடக்கு, இதை ஆர் வாங்குவினம்" என்று வண்டிலை இருபது அடி அங்காலே தள்ளிக்கொண்டு போய்விட்டார். போர்ட் திருந்திப் பழையபடி சிவப்பும் மஞ்சளுமாக ஓடத் தொடங்கியதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி தம்பி, சனிக்கிழமையில ஏழு பத்துக்கு ஒரு அஞ்சு நிமிசம் தாறன், என்னத்தையாவது காட்டு, அரசியல் வேண்டாம்" என்றார். நான் வரைகிறவன் இல்லை. வேலிக்கும் சுவருக்கும் அளவு எடுக்கிற ஆள். என்ன காட்டலாம்?

டெக்காரன்

தம்பி, ஏழு பத்துக்கு டவுனில் யார் நிற்கப் போகிறார்கள்? எட்டு மணிக்கு நாய்தான் நிற்கும்.

வேலிக்கதியால்

அண்ணை, ஏழு பத்துக்குச் சனம் இருக்கும். கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள், ரியூசன் விட்டு வருகிற பிள்ளைகள், கடை பூட்டுகிறவர்கள். நின்று பார்க்கிற சனம் இல்லை, நடந்து போகிற சனம். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

கோட்டுச்சித்திரம்

நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன், உயர்தரப் பிள்ளைகளுக்கு நவீன கலை என்றால் ஓவியத்தோடு நிறுத்திவிடுவோம், திரைக் கலை வரைக்கும் பாடத்திட்டம் வராது. ஆகவே கொஞ்சம் ஆசையோடு எழுதுகிறேன்.

நகரத்துத் திரையைக் கலைஞர்கள் எடுத்துக்கொண்ட கதை 40 வருடத்துக்கு மேல் பழையது. 1982இல் நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் பல்ப்களால் ஆன பெரிய விளம்பரப் பலகையில் ஜெனி ஹோல்சர் என்ற கலைஞர் ஒற்றை வரி வசனங்களை ஓட விட்டார். விளம்பரமா, அறிவித்தலா, யாராவது பிழையாகப் போட்டுவிட்டார்களா என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடாது. அதில்தான் அதன் சூடு இருந்தது. இப்போது அதே சதுக்கத்தில் 2012 முதல் ஒவ்வொரு இரவும் 11.57 முதல் 12 மணி வரை விளம்பரங்களை நிறுத்தி அந்த மூன்று நிமிடம் கலைஞர்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது, நியூயோர்க்கை விட இரண்டு நிமிடம் கூட!

ஆனால் எனக்கு அதை விடப் பிடித்தது 2001இல் பெர்லின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் நடந்தது. கொம்பியூட்டர்க்காரப் பெடியள் கூட்டம் ஒன்று, ஒரு பழைய கட்டடத்தின் மேல் எட்டு மாடி யன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வைத்தது. வரிசைக்கு 18 யன்னல், எட்டு வரிசை, மொத்தம் 144. ஒரு யன்னல் ஒரு புள்ளி. கீழே நிற்கிறவர்கள் கைத்தொலைபேசியில் அழைத்து அந்தக் கட்டடத்திலேயே பந்தடி விளையாடினார்கள். 144 புள்ளியில் முகம் காட்ட முடியாது, ஆனால் பந்து காட்டலாம்.

பிளக்பொயின்ற்

தொழில்காரன் பேசுகிறேன், இந்த போர்ட்டெல்லாம் ஏறிப் பூட்டுகிறவன். நீங்கள் சொன்ன அளவு பி10 மொடியூல்தான், அதாவது போர்ட்டைச் சேர்த்துக் கட்டுகிற சின்னத் துண்டு. ஒரு மொடியூல் 320 மில்லிமீட்டருக்கு 160, அதில் 32க்கு 16 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் தூரம், அதனால்தான் பி10 என்ற பெயர். உங்கள் போர்ட்டில் குறுக்கே 10, நெடுக்கே 12, மொத்தம் 120 மொடியூல். கணக்குப் பார்த்தால் 61,440 புள்ளி. உங்கள் கையில் இருக்கிற போனில் 20 இலட்சத்துக்கு மேல் இருக்கும். ஆகவே கலைஞர் யாராவது நுணுக்கமான படம் கொண்டு வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். கோயில் விழாவுக்கு அம்மன் படத்தைக் கொண்டு வந்து மூக்குத்தி தெரியவில்லை என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். மூக்குத்திக்கு ஒரு புள்ளிதான் வரும் ஐயா, நான் என்ன செய்ய.

இன்னொன்று. பத்து மீட்டராவது தள்ளி நின்றால்தான் புள்ளிகள் சேர்ந்து படமாகும். கிட்ட வந்தால் வெறும் குண்டுமணி.

போனில் எடுத்தால் கறுப்புக் கோடு கோடாக ஓடும், அது பழுது இல்லை. இந்த மொடியூலில் ஒரே நேரத்தில் எல்லா வரியும் எரிவதில்லை. அநேகமாகக் கால்வாசி எரியும், அணையும், அடுத்த கால்வாசி எரியும். கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடாது, கமராவுக்குப் பிடிபட்டுவிடும். வீடியோ எடுத்து முகநூலில் போட்டுவிட்டு "பழுதான போர்ட்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏறும்.

நாலாங்குறுக்கு

எல்லோரும் சந்தோசமாக இருக்கிறீர்கள், நான் ஒரு கல்லைப் போடுகிறேன். டவுனில் இருக்கிற போர்ட்டே கூடிவிட்டது என்பதுதான் என் கருத்து. பிரேசிலில் சாவோ பாவுலோ என்ற நகரம் 2006இல் சட்டம் போட்டு 2007இலிருந்து வீதி விளம்பரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டது, பதினையாயிரம் வரைக்கும் பலகைகள். கழற்றிய பிறகுதான் பின்னால் என்ன கட்டடம் இருந்தது என்று சனத்துக்கே தெரிந்ததாம். எங்களிடம் ஒவ்வொரு பழைய கல் வீட்டுக்கும் முன்னால் ஒரு பிளாஸ்ரிக் முகமூடி. நீங்கள் அந்த முகமூடிக்குப் பொட்டு வைக்கிறதுக்கு வழி தேடுகிறீர்கள்.

உண்மையான கலை வேண்டுமென்றால் அந்த ஐந்து நிமிடமும் போர்ட்டை அணைத்துவிடுங்கள்.

பனிக்காட்டான்

நான் ரொறன்ரோவில் இருந்து. அணைத்தால் யாருக்குத் தெரியும், கரண்ட் போய்விட்டது என்றுதான் சனம் நினைக்கும்! 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் இருட்டுக்குத் தனி அர்த்தம் கொடுக்க முடியாது.

என் யோசனை: பழைய யாழ்ப்பாணத்தைக் காட்டுங்கள். ராஜா, மனோகரா, வின்சர், ரீகல் தியேட்டர்கள், எரிவதற்கு முந்திய நூலகம், 97,000 புத்தகம், ஜாம் போத்தல் விளக்கு. பார்த்தவுடன் நெஞ்சு உருகும்.

ரெண்டாயிரத்தொன்று

அண்ணை கோபிக்க வேண்டாம். நான் பிறந்தது 2001. எனக்கு ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருட்டு என்றால் 2022தான், போன் வெளிச்சத்தில் படித்து ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிய தம்பி. எங்களுக்கு யார் என்ன காட்டினாலும் கடைசியில் எரிந்த நூலகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். நூலகம் எரிந்ததை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் சேலை விளம்பரத்துக்கும் சேலை விளம்பரத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் நெஞ்சை உருக்கிவிட்டு மறுபடி 30 வீதக் கழிவு என்று வந்தால் அது எனக்கு வெட்கமாக இருக்கும்.

கோட்டுச்சித்திரம்

ரெண்டாயிரத்தொன்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஞாபகத்தைத் தொட்ட வேலைகள் இங்கே நடந்துதான் இருக்கின்றன, ஆனால் அவை வேறு விதமாகத் தொட்டன. 2004இல் அதே நூலகக் கட்டடத்துக்குள் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில் கலைஞர் தா. சனாதனன் ஊர்ச்சனத்திடம் சேர்த்த சாமான்களை வைத்தார். பெரிய ஓவியம் ஒன்றும் இல்லை, வீட்டில் மிஞ்சிய சாமான்கள். பிறகு 2011இல் அவர் செய்த தோம்பு (பழைய காணிப் பதிவேட்டின் பெயர்) நூலில் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து வரைபடமாகக் கீறிக் கொடுத்தார்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, குசினி எந்தப் பக்கம். யாழ்ப்பாணத்தானுக்கு நில அளவை என்றால் சும்மாவா, வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் வழக்கென்று கோடு ஏறுகிற ஊர்! (இழை தொடங்கியவரின் பெயரைக் கிண்டல் பண்ணவில்லை.)

நான் சொல்ல வருவது, அந்த வேலைகளில் சனம் ஏதோ கொண்டு வந்து கொடுத்தது. போர்ட்டில் பழைய படம் ஓட்டினால் சனம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

டெக்காரன்

ஜாம் போத்தல் விளக்கை விடுங்கள், நான் திரையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது உங்கள் கேள்விக்குக் கிட்ட வரும் என்று நினைக்கிறேன்.

90களின் தொடக்கத்தில் கரண்ட் இல்லை. ரிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் சேர்த்து வாடகைக்கு எடுப்போம், ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து. பெற்றோல் விலை வாயால் சொல்ல முடியாது, ஆகவே இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. ஜெனரேட்டர் சத்தத்தில் வசனம் கேட்காது என்று வயரை நீட்டிப் பின்வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் வைப்போம். முற்றத்தில் பாய் போட்டுச் சனம். ஒரு இரவில் மூன்று படம்.

இதில் ஒரு விஷயம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் இழுவை குறைந்தால் பழைய குழாய் ரிவியில் படம் சுருங்கும். நான்கு பக்கத்தாலும் கறுப்பு உள்ளே வரும், கதாநாயகன் ஒல்லியாகிக் குட்டையாகிப் பிறகு தீப்பெட்டி அளவில் நிற்பார். உடனே யாராவது ஒரு பெடியன் கிணற்றடிக்கு ஓட வேண்டும், போய்க் கொஞ்சம் முடுக்கினால் படம் பழையபடி விரியும். அந்தப் பெடியன் அநேகமாக நான்தான். அதனால் நான் எந்தப் படத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி ஓடி வரும்போது தூரத்தில் இருந்து முற்றம் தெரியும், ரிவி தெரியாது. நூறு முகத்தில் வெளிச்சம் மாறி மாறி அடிக்கும். சிரிக்கிற இடம், அழுகிற இடம் எல்லாம் அந்த முகங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நீ நீலம் எரிந்ததைச் சொன்னபோது எனக்கு அதுதான் வந்தது தம்பி.

வேலிக்கதியால்

அண்ணை, இதை வாசித்துவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை.

பிளக்பொயின்ற்

குழாய் ரிவி என்றதும் ஒன்று. கொரியாவில் நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் 1988இல் 1,003 ரிவிகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார். பழசாகிப் பாதுகாப்பு இல்லை என்று 2018இல் முழுதாக அணைத்துவிட்டார்கள். பிறகு 737 குழாய் ரிவியைத் திருத்தினார்கள், 266ஐத் திருத்த முடியாமல் பழைய பெட்டிக்குள் புதிய தட்டைத் திரை வைத்தார்கள். 2022இல் மறுபடி எரிந்தது. கலையைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் திருத்தின ஆட்களின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். இந்தச் சின்ன போர்ட்டுக்கே ஒரு மொடியூல் செத்தால் நான் படும் பாடு.

பனிக்காட்டான்

சரி பழைய படம் வேண்டாம். அப்போ ஒரு கமரா வையுங்கள். கீழே போகிற சனத்தை நேரடியாக போர்ட்டில் காட்டுங்கள். எல்லோரும் நின்று கை காட்டுவார்கள். ரொறன்ரோவில் விளையாட்டு மைதானங்களில் இப்படிக் காட்டும்போது பார்க்க வேண்டும்.

மழைக்குடை

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணாமார், கமரா வைத்தால் நான் அந்தப் பக்கத்தால் வரமாட்டேன். நான் மட்டும் இல்லை, என்னோடு வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற ஒருத்தியும் வரமாட்டாள். இது சின்ன ஊர். ஏழு மணிக்கு டவுனில் யாரோடு நடந்து போனாள் என்பது ஏழரைக்கு வீட்டுக்குப் போய்விடும். 2019இல் மாநகரசபை ஸ்மார்ட் விளக்குக் கம்பம் நாட்டியபோது எல்லோரும் கதிர்வீச்சு, 5ஜி என்று ஊர்வலம் போனீர்கள். எங்களுக்கு இருந்த பயம், அதில் கமராவும் வருமா என்பதுதான். அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த போர்ட் வெளிச்சம் எங்களுக்குத் தேவை. அந்தத் துண்டில் வீதி விளக்கு ஒன்று எப்போதும் செத்துத்தான் கிடக்கும். போர்ட் எரிகிற பக்கத்தால்தான் நடப்போம். யாரோ அணைக்கச் சொன்னீர்களே, நாலாங்குறுக்கு அண்ணையா, அவர் ஒருநாள் அந்த இருட்டில் கைப்பையோடு நடந்துவிட்டு வந்து எழுதட்டும்.

நாலாங்குறுக்கு

தங்கச்சி, சரி. அணைக்கிற கதையை வாபஸ் வாங்குகிறேன். மற்றதில் மாற்றம் இல்லை.

கோட்டுச்சித்திரம்

மழைக்குடையின் பதிவைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. ரஃபயேல் லொசானோ ஹெமர் என்ற மெக்சிக்கோக் கலைஞர் 2001இல் ரொட்டர்டாம் சதுக்கம் ஒன்றில் செய்த வேலை. பெரிய சுவரில் ஆட்களின் படங்களைப் போட்டார், ஆனால் தரையில் இருந்து பலமான விளக்கு அடித்து அந்தப் படங்களை அழித்துவிட்டார். யாராவது விளக்குக்கு முன்னால் வந்தால் அவர்களின் நிழல் சுவரில் விழும், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் படம் தெரியும். விளக்குக்குக் கிட்டப் போனால் நிழல் 25 மீட்டர் வரைக்கும் வளரும். முன்பின் தெரியாத சனம் நிழலால் ஒருவரை ஒருவர் தூக்குவதும் மிதிப்பதுமாக விளையாடியது.

எங்களுக்குப் படமே வேண்டாம். நிழல் மட்டும் போதும். நிழலுக்கு முகம் கிடையாது. அந்த போர்ட்டை விளக்காக வைத்துக்கொள்வோம், எதிரே பூட்டிய ஷட்டர்கள்தான் திரை. திரையையே திருப்பிப் போட்ட மாதிரி.

பிளக்பொயின்ற்

டீச்சர், யோசனை நல்லது, ஆனால் நடக்காது. போர்ட் 3 மீட்டருக்கு மேல் அகலம். அவ்வளவு அகலமான வெளிச்சத்தில் நிழல் கலங்கிப்போகும், மப்பு நாளில் நிழல் விழாத மாதிரி. கூர்மையான நிழல் வேண்டுமென்றால் வெளிச்சம் சின்ன இடத்தில் இருந்து வர வேண்டும். ஆகவே போர்ட் முழுக்கக் கறுப்பாக விட்டு, ஒரு மூலையில் எட்டு மொடியூலை மட்டும் எரித்தால், குறுக்கே 2 நெடுக்கே 4, சரியாக 64 சென்ரிமீட்டர்ச் சதுரம் வரும். அது முழுப் பிரகாசத்தில் எரிந்தால் பத்து மீட்டர் தள்ளி இருக்கிற ஷட்டரில், வீதி விளக்கும் செத்திருந்தால், நிழல் தெரியும். மழைக்குடை அக்கா சொன்ன செத்த விளக்கு இதற்கு உதவும். (உதவும் என்பதற்காகத் திருத்தாமல் விடச் சொல்லவில்லை.)

ரெண்டாயிரத்தொன்று

ஒரு மூலையில் ஒன்று என்றால் இரண்டு மூலையிலும் வைக்கலாம்தானே? ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் வெளிச்சத்தில் மஞ்சள். ஆகவே ஷட்டர் மஞ்சளாக இருக்கும். யாராவது நடந்து போனால் சிவப்பை மறைக்கிற இடத்தில் பச்சை நிழல், பச்சையை மறைக்கிற இடத்தில் சிவப்பு நிழல். ஒரு ஆளுக்கு இரண்டு நிழல்.

மஞ்சள் என்றால் கச்சான் ஆச்சிக்கும் பிரச்சினை இல்லை.

கோட்டுச்சித்திரம்

அட! இதை ஓலஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2010இலேயே ஒரு மண்டபத்துக்குள் செய்துவிட்டார், பல நிற விளக்கும் வெள்ளைச் சுவரும். ஆனால் அவருக்குக் கச்சான் ஆச்சி இல்லை. செய்வோம்.

நாலாங்குறுக்கு

செய்யுங்கள், ஆனால் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் கடைக்காரருடையது. 2016இல் ஹொங்கொங்கில் 484 மீட்டர்க் கோபுரம் ஒன்றின் முகப்பில் இரண்டு இளம் கலைஞர்கள் ஒளிவேலை ஒன்று செய்தார்கள். அதன் கடைசியில் ஓடிய இலக்கங்கள் 2047ஆம் ஆண்டுக்கான கணக்கு, அதாவது சீனாவுக்குள் ஹொங்கொங்குக்கு இருக்கிற தனி ஏற்பாடு முடிகிற வருடம். அவர்களாகவே அதை வெளியே சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். திரை யாருடையதோ கடைசிச் சொல் அவருடையது. உங்களுக்கு "அரசியல் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், நேர்மையான மனிசன்.

மழைக்குடை

ஏழு மணிக்கு டவுனில் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் இருப்பது அரசியல் இல்லையா அண்ணை?

நாலாங்குறுக்கு

அதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம், தந்த ஐந்து நிமிடமும் போய்விடும்.

டெக்காரன்

எங்கள் காலத்தில் கோயில் சிகரச் சோடனை என்று ஒன்று இருந்ததை மறந்துவிட்டீர்கள். சிலாகையில் பெரிய கோபுரம் மாதிரிக் கட்டி, கலர் பல்ப் அடித்து, அது சுழலும், விரியும், மயில் தோகை விரிக்கும். என் கூட்டாளி ஒருவரின் தகப்பன் அந்த வேலை செய்தார். பின்னால் ஒரு மர உருளை, அதில் செப்புத் தகடு வெட்டி ஒட்டியிருக்கும், உருளை சுழல எந்தத் தகடு எந்தக் கம்பியில் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகட்டை எந்த வடிவில் வெட்டுகிறீர்களோ அதுதான் படம். இந்த போர்ட்டுக்குத் தாத்தா அது. நாங்கள் சுவாமியைப் பார்த்தோமோ தெரியாது, சிகரத்துக்குப் பின்னால் போய் அந்த உருளையைப் பார்ப்போம். இரண்டு கோயில் சோடனைக்காரர் போட்டி போட்டால் விடிய விடிய சனம் கலையாது. கலைஞர் என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை. சோடனைக்காரன்தான்.

பிளக்பொயின்ற்

அண்ணை, இந்தப் பதிவை என் கடையில் ஒட்டி வைக்கப் போகிறேன்.

வேலிக்கதியால்

நேற்றுச் சனிக்கிழமை ஒரு பரீட்சை பார்த்தோம். நான், பிளக்பொயின்ற், ரெண்டாயிரத்தொன்று. விபரம் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை மஞ்சள் வரவில்லை. சிவப்பையும் பச்சையையும் முழுப் பிரகாசத்தில் விட்டால் பச்சைதான் மேலோங்கும், ஷட்டர் தேசிக்காய் நிறத்தில் நின்றது. ஆச்சி கச்சானை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. பச்சையைப் பாதிக்குக் குறைத்த பிறகுதான் பழுத்த மாம்பழ மஞ்சள் வந்தது.

இரண்டாவது, நாங்கள் மூன்று பேரும் யோசிக்காத ஒன்று. ரொட்டர்டாமில் விளக்கு தரையில், நிழல் வளர்ந்தது. எங்கள் விளக்கு மாடிக்கு மேலே. மேலிருந்து சாய்வாக வருகிற வெளிச்சத்தில் நிழல் பெரும்பகுதி தார் றோட்டில் விழுந்துவிடும். ஷட்டரில் இருந்து இரண்டு மீட்டர் தள்ளி நடக்கிற ஒரு வளர்ந்த ஆளின் தலை, ஷட்டரில் தொடை உயரத்துக்கும் குறைவாகத்தான் வந்தது. நான் வேலைக்கு அளவு எடுக்கிற ரேப்பை வைத்தே பார்த்தேன், 75 சென்ரிமீட்டர். அங்கே சனம் பூதமாகியது, இங்கே எல்லோரும் மூன்று வயதுப் பிள்ளைகளாகிவிட்டோம். ஷட்டரோடு ஒட்டி நடந்தால் மட்டும் சொந்த உயரம், ஆனால் அப்போது சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் கறுப்பு. றோட்டுப் பக்கம் விலக விலக நிழல் சின்னதாகி இரண்டாகப் பிரிந்து நிறம் வரும்.

முதலில் கவனித்தது ரியூசன் விட்டு வந்த இரண்டு சின்னப் பெடியள். சைக்கிளை நிறுத்தாமல் போய்விட்டு, திரும்பி வந்தார்கள். பிறகு ஷட்டருக்கும் றோட்டுக்கும் இடையில் முன்னும் பின்னும் போய் நிழலைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக நின்றார்கள். ஒரு அம்மா குடை விரித்துக்கொண்டு வந்தார், தூறல். குடை நிழல் மட்டும் வடிவாக விழுந்தது, ஒரு சிவப்புக் குடை, ஒரு பச்சைக் குடை. அவர் கவனிக்கவே இல்லை, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு போனார். போர்ட்டை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஓட்டோக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார், "போர்ட் பழுதா, மூலையில மட்டும் எரியுது?" ஓம் என்று சொல்லிவிட்டோம்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் சேலை வந்தது.

மழைக்குடை

நான் அந்தக் குடை அம்மாவுக்குப் பின்னால் வந்தவள்! என்னவோ நடக்கிறது என்று தெரிந்தது, இது நீங்கள் என்று தெரியவில்லை. போன் எடுத்தேன், கோடு கோடாக வந்தது, விட்டுவிட்டேன். என் நிழல் முன்னால் போனவரின் நிழலை மிதித்தது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்து பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன்.

டெக்காரன்

ஷட்டர் வரிசையில் ஒன்று சாம்பல், ஒன்று நீலம் என்று நிறம் மாறி மாறி இருக்கிறதே, நிறம் சரியாக விழுந்ததா?

வேலிக்கதியால்

நீல ஷட்டரில் செத்துப்போய்விட்டது அண்ணை. சாம்பலில்தான் நல்லது. பெயின்ற் அடித்துத் தரவா என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்கலாம், ஆனால் என்ன சொல்லிக் கேட்பது?

நாலாங்குறுக்கு

என் கடைதான் அந்த நீல ஷட்டர். சாம்பல் வாளி ஒன்று வாங்கித் தந்தால் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட் அடிக்க வேண்டும், பழைய பெயின்ற் மேலே வரும்.

பிளக்பொயின்ற்

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு பிரச்சினை. சிவப்பு மூலையில் எட்டில் இரண்டு மொடியூலில் சிவப்பு செத்துவிட்டது, மழை ஈரம் உள்ளே போயிருக்கிறது. இப்படியே விட்டால் மஞ்சள் திரும்பவும் தேசிக்காய்க்குப் போகும், பச்சையை இன்னும் குறைத்தால் நிழலே தெரியாது. விளம்பரம் ஓடும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். ஆச்சி கவனிப்பார். யாரிடமாவது கழற்றிய பழைய பி10 கலர் மொடியூல், வெளியில் பூட்டுகிற ரகம், கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டு போதும்.